நந்தியாவட்டை ஒதுங்கிய மூலை

பாசியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வேளாண்மைத் துறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். நன்னிலத்தில் கொஞ்ச காலம், வலங்கைமானில் ரொம்ப காலம். நட்ட வயலில் பாசி படர்ந்து பயிரை அமுக்கினால் விவசாயிகள் என்னைத் தேடி வருவார்கள். நான் வரப்பில் நின்றபடி, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி ஒரு வைத்தியம் சொல்வேன். மயில்துத்தத்தைச் சாக்குத் துணியில் முடிந்து, வயலுக்குள் தண்ணீர் நுழைகிற வாய்மடையில் போட்டு வையுங்கள். நீலம் கரைந்து தண்ணீரோடு போகும், பாசி செத்துவிடும். சொல்லிவிட்டு அவர்கள் வாங்கித் தருகிற டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

அப்பேர்ப்பட்ட என்னை, ஓய்வு பெற்ற பிறகு, என் வீட்டுக் கொல்லையில் நானே கட்டிய ஒரு நீச்சல் குளம் படாத பாடு படுத்தியது.

நீச்சல் குளம் என்றதும் என்னைப் பெரிய பணக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். இருபதடி நீளம், பத்தடி அகலம், மார்பளவு ஆழம், அவ்வளவுதான். திருவையாற்றிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற சாலையில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "சாரு பம்புசெட்டு தொட்டியைக் கொஞ்சம் பெருசா கட்டிட்டாரு" என்று கிண்டல் செய்வார்கள். கட்டியது எனக்காக இல்லை. என் மனைவிக்காக.

என் மனைவி கணக்கு டீச்சர். ஊரில் எல்லோருக்கும் டீச்சர், அதனால் எனக்கும் டீச்சர். தை மாதத்தில் ஒருநாள் காலை கோலப்பொடி டப்பாவை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. பக்கவாதம். இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பேச்சும் குழறிவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, வாரத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்த பிசியோதெரபி டாக்டரம்மாதான் தண்ணீர் யோசனையைச் சொன்னார். மார்பளவு தண்ணீரில் உடம்பின் கனம் தெரியாது, காலுக்குப் பயம் போகும், சீக்கிரம் நடை வரும் என்றார். கூடவே ஒன்று சொன்னார்: "முதல் ஆறேழு மாசத்துல வர்றதுதான் சார் வேகமா வரும். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் மல்லுக்கட்டணும்."

அந்த ஆறேழு மாதம் என்ற பேச்சு என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. பங்குனி முடிவதற்குள் குளத்தைக் கட்டி முடித்தேன். ஊர்க் குளத்தில் எங்கள் ஆட்கள் எந்தத் துறையில் இறங்கலாம் என்று அடுத்தவர்கள் முடிவு செய்த காலத்தை டீச்சரின் அப்பா பார்த்திருக்கிறார். அவர் மகளுக்குக் கொல்லையிலேயே டைல்ஸ் பதித்த குளம் என்பதில் எனக்குக் கர்வம் இல்லை என்று சொன்னால் அது பொய். அவளுக்கு வெயில் படக்கூடாதென்று, படிக்கட்டுக்கு எதிர்ப்புற மூலைக்கு மேலே தகரக் கொட்டகை ஒன்றும் போட்டேன். அதில் நின்று ஓய்வெடுப்பாள் என்பது என் ஏற்பாடு.

ஒரு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. டாக்டரம்மா அவளை மல்லாக்கப் படுக்கவைத்து மிதக்கவிடுவார். பிறகு சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையோரமாக நாலு எட்டு நடக்கச் சொல்வார். வைகாசியில் தண்ணீர் பச்சை கட்டத் தொடங்கியது. முதலில் அந்தக் கொட்டகை மூலை வழவழத்தது. பிறகு தரை முழுக்கப் பரவியது. டைல்ஸ் இடுக்குகளில், நீர்மட்டத்துக்கு மேலே கறுப்பாகப் பூஞ்சணம், கீழே அதே கறுப்பில் பாசிப் புள்ளிகள். நான் அதையெல்லாம் அலட்சியம் செய்தேன். ஒரு வியாழக்கிழமை டீச்சரின் நல்ல கால் தரையில் வழுக்கி, அவள் முழுசாகத் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

டாக்டரம்மா உடனே தூக்கிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்த பயத்தை ஆஸ்பத்திரியில்கூட நான் பார்த்ததில்லை. "தரை சுத்தமாகுற வரைக்கும் இறங்க வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து போகிற ஒவ்வொரு நாளும் அந்த ஆறேழு மாதத்திலிருந்து கழிகிற நாள்.

குளம் கட்டித் தந்தவர் திருச்சிக்காரர். போனில், தேய்த்துவிட்டுக் குளோரின் போடுங்கள், மோட்டாரை நிறைய நேரம் ஓட்டுங்கள் என்றார். தேய்ப்பதாவது! நான் யார்? நேராக உரக்கடைக்குப் போய் மயில்துத்தம் வாங்கிவந்தேன். சாக்குத் துணியில் முடிந்து, ஃபில்டரிலிருந்து சுத்தமான தண்ணீர் திரும்பி வருகிற வாயில் கட்டித் தொங்கவிட்டேன். கணக்கு என்ன என்று கேட்டால், வயல் கணக்குத்தான், அதுவும் கையால் அள்ளிய கணக்கு. மூன்று நாள் விடாமல் போட்டேன். குளம் பளிச்சென்று நீலமாகிவிட்டது. தரையில் வழுக்கல் போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, பாருங்கள் என்று மார்தட்டினேன். டீச்சர் மறுபடி இறங்கினாள், மறுபடி மல்லாந்து மிதந்தாள்.

பத்து நாள் இருக்கும். தலை துவட்டிவிடும்போது துண்டைத் தள்ளிவிட்டு, கண்ணாடியைக் கொண்டுவா என்று சைகை காட்டினாள். அவளுக்கு முன்நெற்றியில் நல்ல வெள்ளை நரை. அது முழுக்கப் பச்சையாக இருந்தது. மங்கலான பச்சைகூட இல்லை, இளம் நாற்றின் பச்சை. கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, குழறலைப் பிடித்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"என் தலையிலயே... நாத்து... விட்டுட்டீங்களா?"

பக்கவாதம் வந்த பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அவமானம் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

துத்தத்தின் செம்பு நரையில் ஏறியதோடு நிற்கவில்லை. அடுத்த வாரமே தரையில் கன்னங்கரேலென்று கறை திட்டுத்திட்டாக இறங்கியது. கொட்டகை மூலையில் பாசி மறுபடி தலைகாட்டியது. தண்ணீரை முழுசாக இறைத்துவிடலாம் என்றால் கொத்தனார் பதறிவிட்டார். "காவிரியில தண்ணி வந்துடுச்சு சார், ஊத்து மேல வந்திருக்கும். வெறும் தொட்டியா விட்டீங்கன்னா அடியிலேருந்து தண்ணி தொட்டியையே தூக்கிடும்" என்றார். அதனால் மூன்றில் ஒரு பங்காக இறைப்பதும் புதுத் தண்ணீர் விடுவதுமாக நாட்கள் போயின. துத்தத் தண்ணீரைப் பக்கத்துக் குறுவை வயலில் விட மனசு வரவில்லை. வேலியோரக் காலி இடத்தில் விட்டேன். பிறகு குளோரினை அள்ளி அள்ளிக் கொட்டினேன். கொட்டிய நாளில் இறங்கக்கூடாது, மறுநாளும் கூடாது. மூன்றாம் நாள் பார்த்தால் அந்த மூலையில் பாசி சட்டமாக உட்கார்ந்திருக்கும். நான் நீள பிரஷ்ஷைத் தூக்கி எறிவேன். குளம் கட்டியவரைத் திட்டுவேன், மோட்டாரைத் திட்டுவேன், சொல்லக்கூடாது, ஒருமுறை டாக்டரம்மா மேல்கூட வள்ளென்று விழுந்தேன்.

இத்தனை நாளும் டீச்சர் கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆடி மாதம் பிறந்துவிட்டது. நடை ஒன்றும் முன்னேறவில்லை. கைப்பிடிக் கம்பு இல்லாமல் ஓர் அடி வைக்க மாட்டாள்.

அப்போதுதான் பூப்போட ஆரம்பித்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நந்தியாவட்டைச் செடி. அதிலிருந்து வலது கையால் பூக்களைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போடுவாள். போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். ஆடிப்பெருக்குக்கு இன்னும் நாள் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் களை எடுக்கப் போன பெண்கள், "டீச்சரம்மா தொட்டிக்கே படையல் போடுறாங்க" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

நான் வலையை வைத்து இலைதழையை அரித்துக்கொண்டிருக்க, இவள் ஒரு பக்கம் பூவைப் போட்டுக்கொண்டிருந்தால் கோபம் வராதா? வந்தது. "ஏன் டீச்சர் நீயே குப்பையைப் போடறே?" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "எண்ணு...றேன்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி பூவைப் போட்டாள்.

கை கால் போனால் பரவாயில்லை, எப்படியாவது கொண்டுவந்துவிடலாம் என்று அதுவரை மனசைத் தேற்றிவைத்திருந்தேன். புத்தியில் ஏதோ தடம் மாறிவிட்டதோ என்ற நினைப்பு அன்றுதான் வந்தது. சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். டாக்டரம்மாவிடம் கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மூன்று நாள் கழித்து அவளே என்னைக் கூப்பிட்டாள். மடியில் தினக் காலண்டரில் கிழித்த தாள்கள். ஒன்பது தாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு நீள்சதுரம், அதுதான் குளம். அதில் அம்புக்குறிகள். கீழே கோடு கோடாக எண்ணிக்கை. கிறுக்கல் இல்லை, கரும்பலகையில் அவள் எழுதுகிற அதே எழுத்து. ஒரு நாளைக்கு மோட்டார் ஓடும்போது, ஒரு நாளைக்கு நிறுத்திவிட்டு, காற்று அடிக்கிற நாள், அடிக்காத நாள் என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறித்திருந்தாள்.

"பதினொண்ணு போட்டேன்" என்றாள். "ஒம்போது... அந்த முக்குல போயி நின்னுடுச்சு. சுத்தி வர்றது ரெண்டுதான். எல்லா நாளும் இதே கதை."

கொட்டகை மூலையைக் கண்ணால் காட்டினாள். நந்தியாவட்டைகள் அங்கே ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன.

"தண்ணி சுத்தாத எடத்துல... மருந்து எப்படிங்க சுத்தும்?"

அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை.

"வாய்மடையைத் திருப்புங்க."

அவளுடைய அப்பா ஊரார் வயல்களுக்குத் தண்ணீர் கட்டினவர். வயலில் எந்த முக்குக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று வரப்பில் நின்றே சொல்வாராம். அவள் அதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் வாய்மடை வாய்மடை என்று ஊருக்குச் சொன்ன நான், என் குளத்தின் வாய்மடை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. சுவரில் உருண்டையாக இருக்கிற அந்த வாயைக் கையால் திருகினால் பக்கம் மாறும். கட்டித் தந்தவர் அதைச் சொல்லித்தான் இருப்பார். நான்தான் தலையாட்டிவிட்டு வேறெங்கோ பார்த்திருப்பேன். அன்றைக்கு இறங்கி, கொட்டகை மூலையைப் பார்த்துத் திருகினேன். கால் மணி நேரத்தில் நந்தியாவட்டைகள் மூலையை விட்டுக் கிளம்பின. ஒன்று, இரண்டு, மூன்று என்று டீச்சர் சத்தமாக எண்ணினாள். ஒன்பதும் வெளியே வந்தன.

என் மனைவியை நான் மதிப்பவன்தான். ஆனால் அன்று அந்தக் காலண்டர் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வந்த மரியாதை வேறு. பாதி உடம்பு ஒத்துழைக்காதபோது, வார்த்தை வாயிலேயே சிக்கிக்கொள்கிறபோது, இவள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒன்பது நாள் பரிசோதனை நடத்தியிருக்கிறாள். நான் குளத்தோடு சண்டை போட்டேன். இவள் அதைப் பார்த்தாள்.

அடுத்த உத்தரவு கொட்டகைக்கு. "தகரத்தை எடுங்க. முக்கு காயணும்." எடுத்தேன். அதற்கடுத்த உத்தரவு தேய்ப்பது. கறுப்புப் பாசி டைல்ஸ் இடுக்கில் வேர் விட்டிருந்தது. மேலே வழவழவென்று ஒரு தோல் மாதிரி மூடியிருக்கும், அதைக் கிழிக்காமல் எத்தனை குளோரின் போட்டாலும் உள்ளே இறங்காது. நீள பிரஷ்ஷுக்கு அது அசையவே இல்லை. தண்ணீரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, அந்த மூலையில் முக்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷைக் கேட்டாள். கொடுத்தேன். வலது கையில் வாங்கி, இடது உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்தக் கையாலயா?"

"கட்டி விடுங்க."

விரல் மூடாது என்று அவளுக்கும் தெரியும். என் பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்து, பிரஷ்ஷை அந்தக் கையோடு சேர்த்துக் கட்டினேன். முதல் நாள் ஒரே ஓர் இடுக்கு, ஒரு சாண் நீளம்தான். தோளிலிருந்து மொத்தக் கையையும் இழுத்து இழுத்துத் தேய்த்தாள். வியர்த்துக் கொட்டியது. கீழே வெள்ளைச் சிமென்ட் தெரிந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். மறுநாள் இரண்டு சாண். நான் வலது கையால் கம்பி நாரை வைத்துத் தேய்த்த இடத்தைவிட அவள் தேய்த்த இடம்தான் சுத்தமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு வாயில் கைவைத்தார். அவர் இடது கைக்கென்று ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார், தினமும் அமுக்கச் சொல்லி. டீச்சர் அதைத் தொட்டதே இல்லை. "பந்தைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குவீங்க, இது மட்டும் எப்படிம்மா?" என்று கேட்டார்.

"பந்தை அமுக்குனா... பந்து அப்படியேதானே இருக்கு" என்றாள் டீச்சர். "இதுல டைல்ஸ் வெள்ளையாகுதே."

மூன்றாவது வாரம் துணியை அவிழ்த்துவிடச் சொன்னாள். பிரஷ் இரண்டு தடவை நழுவியது, மூன்றாம் தடவை நின்றது. தேய்த்த இடத்தில் சாயங்காலம் வெயில் இறங்கியதும் அளந்து குளோரின் போட்டேன். இந்த முறை அளந்து! மறுநாள் காலை குளோரின் அளவு தெரிய, தண்ணீரில் சொட்டு மருந்தை விட்டு நிறம் பார்த்து, அவளிடம் காட்டி, அவள் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வேலை. ஆவணி பிறந்து ஒரு வாரத்தில் குளத்தை நிரப்பினோம். தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் நரை முக்கால்வாசி பழைய வெள்ளைக்குத் திரும்பியிருந்தது. நுனியில் மட்டும் என் அறிவின் சாட்சியாகக் கொஞ்சம் பச்சை. ஆறேழு மாதமும் முடிந்திருந்தது. அதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

தண்ணீரில் மறுபடி கம்பியைப் பிடித்துத்தான் நடந்தாள். அந்த வைகாசி வியாழக்கிழமையின் பயம் காலில் இருந்தது. டாக்டரம்மா எவ்வளவோ சொல்லியும் கம்பியிலிருந்து கை வரவில்லை.

அன்று டாக்டரம்மா வராத நாள். காலையில் அவள் எழுந்து வருவதற்கு முன்பே நான் இறங்கி, அந்த மூலையைத் தேய்த்து முடித்துவிட்டேன். அவளைப் படி வழியாக மெதுவாக இறக்கி, கம்பியைப் பிடித்துக்கொள்ள வைத்துவிட்டு, பிரஷ்ஷை ஆட்டிக்கொண்டே பெருமையடித்தேன். "இன்னிக்கு உனக்கு வேலையே வைக்கல டீச்சர். மூலை பளபளன்னு இருக்கு."

அவள் நின்ற இடத்திலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கறுப்பு இருக்கு."

"எங்க இருக்கு? ஒண்ணுமில்ல."

"இருக்குங்க."

"இல்லைங்கறேன்ல. நான் பக்கத்துல நின்னு தேய்ச்சவன். நீ இங்கேருந்து சொல்றே."

ஐந்தாம் வகுப்புப் பையன் விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறை எழுதாமல் வந்து நின்றால் ஒரு பார்வை பார்ப்பாள், அந்தப் பார்வையைப் பார்த்தாள். பிறகு கம்பியை விட்டுவிட்டு நேராக அந்த மூலைக்குப் போனாள். குறுக்கே, நட்டநடுத் தண்ணீரில். இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் வீசி வீசி, இரண்டு கையையும் தண்ணீரில் அளைந்துகொண்டு. நான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கால் மரத்துப்போய் நின்றது எனக்குத்தான். மூலைக்குப் போய்ச் சேர்ந்து, நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே ஓர் இடுக்கில் விரலை வைத்தாள். இடது கை விரலை.

"இது என்ன?"

அங்கே மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி இருந்திருக்கலாம். எனக்குக் கண் மறைத்துக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

"என்ன பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள். தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. "அந்த பிரஷ்ஷைக் கொண்டாங்க."

பிரஷ் என் கையில்தான் இருந்தது. நான் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தேன், அவள் அந்தக் கோடியில். பிரஷ்ஷை அவளுக்குத் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"வேணும்னா நீயே வந்து வாங்கிக்க டீச்சர்."

முறைத்தாள். முறைத்துக்கொண்டே குளத்தின் நீளத்தைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், தன் வெறும் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு ஓர் அடி எடுத்து வைத்தாள், அப்புறம் இன்னோர் அடி. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு போனாள்.